தேன் போத்தலுக்குள் போன தக்கை

தம்பி பிறந்து வீட்டுக்கு வந்த அன்று வாப்பா அவனுடைய காதில், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னார். அடுத்து நாக்கில் தேன் தொட்டு வைக்க வேண்டும். காட்டுத் தேன் போத்தலின் வாயைத் தக்கையால் இறுக்கி அடைத்திருந்தார்கள். வாப்பாவுக்கும் பொறுமைக்கும் வெகு தூரம். கத்தி நுனியால் கிண்டினார். தக்கை துகள் துகளாக உதிர்ந்ததே தவிர அசையவில்லை. கோபத்தில் பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்த, அது உள்ளே போய்விட்டது. ஒடுங்கிக்கொண்டு உள்ளே போன அதே தக்கை, போத்தலைக் கவிழ்த்தால் கழுத்தில் வந்து உப்பிக்கொண்டு நின்றது. ஒரு சொட்டுத் தேன் இறங்கவில்லை.

கூடம் நிறையச் சனம். சாய்ந்தமருதிலிருந்து ஒரு மாமியும் வந்திருந்தார். உம்மாவின் தங்கையான என் சாச்சியைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தவர். பிள்ளை பார்க்கிற சாட்டில் பெண்ணை இன்னொரு தரம் பார்க்க வந்திருக்கிறார் என்பது எனக்கே தெரியும். சாச்சி சவூதியில் ஒரு நல்ல வீட்டில் வேலை செய்து திரும்பியவர் என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தோம்.

போத்தலை உடைக்கலாம் என்றார் வாப்பா. சாச்சி அதை வாங்கினார். தம்பியின் புதுத் துணியொன்றைத் திரித்து உள்ளே விட்டார். போத்தலைச் சரித்துத் தக்கையைத் துணியின்மேல் கிடத்தி, மெல்ல மெல்ல இழுத்தார். துணி சுற்றிய தக்கை முழுசாக வெளியே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்படி ஒரு நிதானமான கையை இன்றுவரை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

“இத எங்க பழகின மகள்?” என்று மாமி கேட்டார்.

“லெபனான்ல மாமி. வேலை செஞ்ச வூட்டுல அவங்க குடிக்கிற வைன் போத்தல்ல தக்கை உள்ளுக்க போனா, நாந்தான் எடுத்துக் குடுக்கிற.”

“சவூதி எண்டுதானே சொன்னாங்க?”

“இல்ல மாமி. லெபனானுக்குத்தான் என்னய அனுப்பின.”

கூடத்தில் பேச்சு மூச்சில்லை. தம்பி மட்டும் நாக்கில் வைத்த தேனை நக்கிச் சப்புக்கொட்டினான். மாமி தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து போனார்.

எல்லோரும் போன பிறகு உம்மா வெடித்தார்.

“டீவில பாத்த எண்டு சொன்னா ஒனக்கு என்ன கொறஞ்சி போயிரும்?”

சாச்சி தேன் பிசுக்குத் துணியை அலசிக்கொண்டிருந்தார்.

“இப்பதான் பாங்கு சொன்ன புள்ளட காது ராத்தா. அதுல பொய்யையா போடச் சொல்றீங்க?”

உம்மா அழுதார். ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சாச்சியின் கெட்டித்தனத்தைப் பார்த்துத்தான் கூடமே வாயடைத்துப் போனது என்று வெகு காலம் நம்பியிருந்தேன். அந்த மாமி பிறகு ஏன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை என்பதுதான் பெரிய புதிராக இருந்தது. அப்படி ஒரு கெட்டிக்காரியை யாராவது வேண்டாம் என்பார்களா?