செல்வமலர் எழுதிய முதற் கடிதம்

பிள்ளைக்குச் சீனி வருத்தம் என்றால் கண்டவர் நின்றவரிடமெல்லாம் மருந்து கேட்கிறீர்களே, அதே பிள்ளை போதைக் குளிசைக்கு அடிமைப்பட்டால் மட்டும் ஏன் வாயைப் பூட்டிக்கொள்கிறீர்கள்?

நொர்வேயில், குரோருட் அடுக்குமாடியில் வசிக்கும் செல்வமலரும் அப்படிப் பூட்டிக்கொண்டவள்தான். இந்த 2006 சித்திரை வரை யார் விசாரித்தாலும், "மகள் லண்டனிலை படிக்கிறாள்" என்பாள். மயூரா லண்டனைக் கண்ணாலும் கண்டதில்லை. லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் ஒரு சிகிச்சை இல்லத்தில் இருந்தாள். வயது இருபத்தொன்று.

செல்வமலருக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் பதினேழு வருட வேலை. விரிப்பு மடிக்கப் போதுமான நொர்வேஜிய மொழி, மருத்துவருக்கு முன்னால் போதவில்லை. அதனால் முதற் சந்திப்பில் மயூராவே தன் நோயை மொழிபெயர்த்தாள். "இப்படியே போனால் உயிர் தப்பாது" என்றார் மருத்துவர். "கொஞ்சம் களைப்பாம் அம்மா, நித்திரை காணாதாம்" என்றாள் மகள். தாய் வீட்டுக்கு வந்து களைப்புத் தீர முட்டைக் கோப்பி அடித்துக் கொடுத்தாள். எட்டு மாதம் கழித்து, குளியலறையில் பிள்ளை நினைவிழந்து கிடந்தபோதுதான் உண்மை தெரிந்தது. சொந்தக்காரர் சாதகத்தை விரித்து ஏழரைச் சனி என்றார்கள். சனி எந்தச் சந்தியில் நின்று குளிசை விற்றதோ!

பிறகுதான் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு சிகிச்சை இல்லம் அமைக்கும் குழுவில் அவள் சேர்ந்தாள். அங்கேயும் சொந்தக் கதையைச் சொல்லவில்லை. மூடிக்கிடந்த பாலர் பாடசாலை ஒன்றைத் தர பகுதி நிர்வாகம் சம்மதித்தது. ஒரே நிபந்தனை: பாதிக்கப்பட்ட ஐந்து குடும்பங்கள் வைகாசி முடிவதற்குள் பெயர் போட்டுக் கடிதம் தரவேண்டும். தராவிட்டால் கட்டடம் வேறு கைக்குப் போய்விடும். இரண்டு மாதமாகியும் ஒரு கடிதமும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கப் போனபோது, குழுத் தலைவர் குணசிங்கம் தயாரித்த திட்டத்தைக் காட்டினாள். நடன வகுப்பு, பண்ணிசை, விளக்குப் பூசை.

மயூரா சிரித்துவிட்டாள். "அம்மா, நான் அரங்கேற்றம் செய்தனான். நடனம் தெரியாமலோ எனக்கு இது வந்தது?"

"அப்ப என்ன வேணும், சொல்லு."

மயூரா திட்டத்தைத் தாயிடம் திருப்பிக் கொடுத்தாள். "நீங்கள் வந்து நிண்டு சமைக்க ஒரு குசினி. பக்கத்திலை படுக்க ஒரு கட்டில். டொக்டர் சொல்லுறதை உங்களுக்குச் சொல்ல வேறை ஒரு ஆள். நான் உங்களுக்குப் பொய் சொல்லத் தேவையில்லாத இடம்."

செல்வமலர் மகளின் கையைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "கடிதத்திலை உன்ர பேரைப் போடட்டோ?"

"போடுங்கோ. லண்டனிலை வாடகையும் கூடவாம்."

அடுத்த கூட்டத்தில் செல்வமலர் எழுந்து கடிதத்தை வாசித்தாள். "என்ர மகளின்ர அரங்கேற்றத்துக்கு முந்நூறு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டனான். அவளுக்கு வருத்தம் வந்தபோது ஒருத்தரையும் கூப்பிடேல்லை. அது என்ர பிழை."

"அக்கா, மானம் மரியாதை எண்டு ஒண்டு இருக்கு..." என்று தொடங்கினார் குணசிங்கம்.

"இருக்கட்டும் தம்பி. பிள்ளையும் இருக்கவேணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தாளில் விளக்குப் பூசையை வெட்டிவிட்டு, குசினி, பெற்றோர் அறை, மொழிபெயர்ப்பாளர் என்று எழுதினார். எல்லோரும் போன பின், "என்ர தங்கச்சியின்ர மகனும் கனடாவிலை இல்லை, அக்கா" என்றார். மறுநாள் அந்தத் தங்கையின் கடிதம் வந்தது.

இன்னும் மூன்று கடிதங்கள் வேண்டும். வைகாசி முடிய ஒன்பது நாள் இருக்கிறது. இதை வாசிக்கும் தாயே, தகப்பனே, உங்கள் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு இன்றே ஒரு கடிதம் எழுதிக் குழுவிடம் கொண்டுவந்து தாருங்கள்.