துலக்கிய செம்புக் காசு

பிசிறு என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் அக்கா வாயிலிருந்துதான். அவள் மகனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. துணி ஃபேக்டரியில் செக்கிங் வேலையாம், கூட இருப்பவர்கள் பிசிறு என்றுதான் கூப்பிடுவார்களாம். பேரே இப்படி என்றால் ஆள் எப்படியோ என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். பெண் வந்தாள். உட்காரச் சொல்லும் முன்பே என் தோளில் தொங்கிய ஒரு நூலை நறுக்கென்று கிள்ளி எடுத்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் சட்டை பார்க்கிற கண், வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா?

கல்யாணமும் ஆனது. பதினாறு வருஷம் அந்த வேலை பார்த்தாள். பிறகு அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அதே வருஷம் அக்கா வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்த மனுஷன். அவர் கட்டிலுக்கடியில் மூன்று பிஸ்கட் டப்பா நிறையப் பழைய காசு இருந்தது. அபூர்வம் ஒன்றும் இல்லை, வீட்டுக்கு வீடு மேசை டிராயரில் உருளுகிற சங்கதிதான். பழைய இரும்புக் கடைக்காரர் தராசோடு வந்து எடைக்குக் கேட்டார். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பிசிறு அதில் நாலு காசை எடுத்து போனில் ஆன்லைன் ஏலத்துக்குப் போட்டாள்.

அதே மாதிரிக் காசு, அதே வருஷத்தில் அச்சடித்ததுதான், ஆனால் மற்றவர்கள் விற்றதைப்போல மூன்று மடங்குக்குப் போனது. ஒரு தடவை நடந்தால் அதிர்ஷ்டம் எனலாம், வாராவாரம் நடந்தால்? இரும்புக் கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. அவரும் அதே ஏலத்தில் காசு விற்கிறவர்.

“நான் போட்டா நாய்கூட மோந்து பாக்கல. நீ சொந்தக்காரங்களை விட்டு விலையை ஏத்துறியாம்மா?” என்று நேராகவே கேட்டுவிட்டார்.

அவள் கோபப்படவில்லை. அவர் போட்ட படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். தான் விற்கிற இருபது காசுகளுக்கும் அவர் ஒரே அழகான படத்தைப் போட்டிருந்தார். வீட்டுக்கு வருவது எந்தக் காசு என்று வாங்குபவருக்குத் தெரியாது. இவள் விற்கிற காசையேதான் படம் எடுப்பாள். ஜன்னல் வெளிச்சத்தில், சாம்பல் நிற அட்டைமேல் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு. கீழே, இடது ஓரத்தில் மயிரிழைக் கீறல், விளிம்பில் கடுகளவு அடி என்று ஒன்று விடாமல் எழுதுவாள். சட்டை சட்டையாகக் குறை எழுதிய கை.

“குறையைச் சொன்னா விலை இறங்காதா?”

“சொல்லாத குறை எவ்வளவு இருக்கோன்னு பயந்துதாண்ணே குறைச்சுக் கேக்கறாங்க. ஏலத்துக்கு ஊரே வர வேணாம். பயமில்லாத ரெண்டு பேர் வந்தா போதும், அவங்களே ஏத்திக்குவாங்க.”

விற்ற அன்றே தபாலில் போய்விடும். வாங்கியவர் திருப்பி அனுப்பினால் ஏன் என்று ஒரு கேள்வி கிடையாது. நாலு வருஷத்தில் ஒருவர்கூட அவளுக்கு ஐந்து ஸ்டாருக்குக் குறைத்துப் போட்டதில்லை. அக்கா மகன் முதுகுவலியோடு படுத்திருந்த காலம் அது. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த நல்ல பேரில்தான்.

அப்போதுதான் ஒரு செம்புக் காசு வந்து வாய்த்தது. வருஷம் சாதாரணம், ஆனால் புழக்கத்தில் கைபடாதது, சீராகப் பழுப்பேறியது. ஓய்வு பெற்ற ரயில் டிரைவர் ஒருவரும் பல் டாக்டரம்மா ஒருத்தியும் நீயா நானா என்று ஏற்றி, கடைசியில் டிரைவர் ஜெயித்தார். அவள் இதுவரை வாங்காத விலை. காசை மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டி செய்ய அட்டை வாங்கக் கடைக்குப் போனாள்.

என் அக்காவுக்கு மனசு பொங்கிவிட்டது. இவ்வளவு கொடுக்கிற மனுஷனுக்கு அழுக்குக் காசையா அனுப்புவது என்று பற்பசை போட்டு, எலுமிச்சம்பழம் போட்டு, பளிச்சென்று ஆகும்வரை தேய்த்தாள். பொய் சொல்வானேன், பழத்தை அறுத்துக் கொடுத்தவள் நான்.

பிசிறு வந்து பார்த்தாள். ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவள் மெதுவாகச் சொன்னபோதுதான் புரிந்தது. காசு சேர்ப்பவர்களுக்கு அந்தப் பழுப்புதான் காசின் தோல். தேய்த்தால் தோல் உரிந்த மாதிரி, திரும்ப வராது.

பளபளவென்றுதானே இருக்கிறது, அப்படியே அனுப்பிவிடு, கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றான் அக்கா மகன். அவன் பயத்திலும் நியாயம் இருந்தது. ஏலம் முடிந்தபின் கொடுக்க முடியாது என்றால், விற்பவர் பேருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி போடுவார்கள். ஒரு வருஷம் ஊர் உலகமெல்லாம் அதைப் பார்க்கும்.

“படத்துல இருக்கிற காசு இப்ப உலகத்துலயே இல்ல,” என்றாள் அவள். “இல்லாததை எப்படிங்க அனுப்புறது?”

உட்கார்ந்து டிரைவருக்கு எழுதினாள். என் வீட்டில், என் கவனக்குறைவால் காசைத் துலக்கிவிட்டோம், உங்கள் பணம் திரும்பி வரும் என்று. மாமியார் பேச்சே அதில் இல்லை. அக்கா அழுதுகொண்டே, என்னாலதானேம்மா என்றாள்.

“மேசையில விட்டுட்டுப் போனது நான், அத்தை. ஃபேக்டரியில ஒரு சட்டையைக்கூட அப்படி விட்டதில்ல.”

டிரைவர் இரண்டே வரி பதில் போட்டார். ரொம்ப ஏமாற்றம், பணம் வந்தது. அவ்வளவுதான். சிவப்புக் குறியும் விழுந்தது. வேறொருத்தியாக இருந்தால் வேறு பேரில் புதுக் கணக்குத் திறந்திருப்பாள். இவள் அடுத்து விற்ற ஒவ்வொரு காசுக்குக் கீழும் அந்தக் குறி ஏன் விழுந்தது என்று எழுதிப் போட்டாள். துலக்கிய காசையும் துலக்கியது என்றே எழுதிச் சல்லிசாக விற்றாள். இரண்டு மாதம் விலை படுத்துவிட்டது. நிஜம் பேசிக் கெட்டவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று இரும்புக் கடைக்காரர் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். வீட்டில் செலவை இறுக்கிப் பிடித்தார்கள். அவள் முகம் சுண்டியதே தவிர, எழுதுவதை நிறுத்தவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு நிக்கல் காசுக்கு அதே டிரைவர் வந்து விலை கேட்டார். விடுவாளா டாக்டரம்மா? காசு போன விலையைப் பார்த்து அக்கா மகன் கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டான். அந்தக் குறிப்பைப் படித்துத்தான் இவளிடம் வாங்க வந்தோம் என்று புதிதாக ஏழெட்டுப் பேர் எழுதினார்கள்.

இப்போது அவள் தபால் ஆபீசுக்கு எதிர்மாடியில் இரண்டு அறை எடுத்திருக்கிறாள். ஃபேக்டரியில் கூட இருந்த இரண்டு பெண்கள் அவளிடம் வேலை பார்க்கிறார்கள். யார் யாரோ தங்கள் காசை விற்றுக் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் அவள் அங்கேதான் இருக்கிறாள்.