குணா அண்ணன் விற்ற பெட்டி

குணசேகரன் அண்ணன் மறைந்த செய்தியை அவருடைய துணைவியாரே எனக்குச் சொன்னார். பெம்பானில் வழக்கமாகப் போகும் கடையில் தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் அண்ணியின் பெயர் வந்தது. கண் மங்கிய பிறகு அண்ணன் அந்த எண்ணிலிருந்துதான் பேசுவார். அதனால், “சொல்லுங்கண்ணே” என்று எடுத்தேன்.

“பாலா, அண்ணன் எழுந்திரிக்கலப்பா. நானும் எழுப்பி எழுப்பிப் பாத்துட்டேன். எழுந்திரிக்கல.”

தோசை வந்தது. கட்டிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன். ரெம்பியா போய்ச் சேரும்வரை அந்தப் பொட்டலம் பக்கத்து இருக்கையிலேயே கிடந்தது. சாவு வீட்டுக்குப் போகிறவன் அதை ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அண்ணனை அறியாதவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெம்பியாவுக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்தில் பிறந்தவர். செம்பனை ஆலை ஸ்டோரில் வேலை பார்த்தார். தோட்டம் தாமானாக, குடியிருப்புப் பகுதியாக, மாறியபோது ஊருக்குள் வந்து, ஓய்வு பெறும்வரை லோரி ஓட்டினார். இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசித்தார். ஜாசினிலிருந்து அலோர் காஜா வரைக்கும் எத்தனையோ கல்யாண விருந்துகளிலும் கோயில் திருவிழாக்களிலும் அவருடைய வாசிப்பைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அவரைப் பார்த்த நினைவு பலருக்கு இருக்காது. நிகழ்ச்சி முடிவில் நன்றி சொல்பவர்கள் பாடகர்கள் பெயரைச் சொல்வார்கள், என் பெயரைச் சொல்வார்கள், டிரம்ஸ் வாசித்தவரைச் சொல்வார்கள், பிறகு “மற்றும் குழுவினர்” என்பார்கள். அந்த “மற்றும்” என்ற இடத்தில்தான் அண்ணன் இருந்தார். ஒருநாள்கூட அதற்காக முகம் சுளித்ததில்லை.

முதன்முதலாக அவர் என் வீட்டுக்கு வாசித்துக் காட்ட வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. புதுக் கீபோர்டு வாங்கிய திமிர் தலைக்கு ஏறியிருந்தது. குழுவைத் தொடங்கியவன் நான், எனவே தேர்வு செய்கிறவனும் நானே. ஒரு பாட்டு முழுவதற்கும் அவர் நான்கு சுரங்களுக்கு மேல் தொடவில்லை.

“அவ்வளவுதானாண்ணே?” என்று கேட்டேன்.

“நீங்கதான் நிறைய வாசிக்கிறீங்கள்ல தம்பி. ஒரு ஆளாச்சும் கம்மியா வாசிக்கட்டுமே” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. இன்னொரு நாள், “பேஸ் சத்தம் கேக்குதான்னு யாரும் கேக்க மாட்டாங்க தம்பி. நிறுத்திப் பாருங்க, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க” என்று சொன்னார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவரிடம் ஒரு ஆம்ப்ளிஃபையர் இருந்தது. பேஸ் கித்தாரின் ஒலியைப் பெருக்கித் தருகிற, இடுப்புயரப் பெட்டி. நாங்கள் அதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். மலாக்கா பட்டணத்தில் ஹோட்டல் ஒன்றில் வாசித்த குழு கலைந்தபோது அதை வாங்கினார். தூக்க இரண்டு ஆள் வேண்டும். பழைய கம்பளியால் போர்த்தி, வண்டியின் முன் இருக்கையில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிடுவார். அண்ணி பின்னால் உட்கார வேண்டும். “என் சக்களத்தி” என்று அண்ணி அதைக் கேலி செய்வார். அண்ணன் மறுத்துப் பேசியதாக நினைவில்லை.

இனிச் சொல்லப்போவது என்னைப் பற்றியது. அஞ்சலிக் கட்டுரையில் எழுதுபவன் தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்பார்கள். எனக்கு வேறு வழியில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூசையன்று எங்கள் கருவிகளையெல்லாம் என் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் வரிசையாக வைத்துக் கும்பிடுவோம். சந்தனம் குங்குமம் வைப்பதும், மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பதும் என் பொறுப்பு. வேறு யாரையும் விட மாட்டேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மூன்று விரலால் அள்ளி, தாராளமாக வைப்பேன். அண்ணனுடைய பெட்டியின் முகப்பில் நடுநாயகமாக வயர் செருகும் துளை இருந்தது. அது நெற்றி மாதிரி இருப்பதாக எனக்கு ஓர் எண்ணம். அதன்மேலேயே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைப்பேன். மேலே மரப்பலகையின் மூலையிலும் ஒரு பொட்டு. பிறகு மஞ்சள் தண்ணீர். அண்ணன் கைகூப்பி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

என் கீபோர்டுக்கு மட்டும் அடிப்பக்கத்தில், வெளித்தகட்டில் வைப்பேன். ஈரம் உள்ளே போனால் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரிந்திருந்தது என்பதை நான் இங்கே மறைக்க விரும்பவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அண்ணனுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. சர்க்கரை இருந்ததால் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். நிகழ்ச்சிகளுக்கு நான் போய் அழைத்து வருவேன். வாசிப்பதற்குக் கண் எதற்கு, அது பாட்டுக்கு நடந்தது. அந்த ஆண்டு ஆயுத பூசை முடிந்த சில வாரங்களில் பெட்டி கரகரக்கத் தொடங்கியது. வயரை அசைத்தால் சத்தம் வரும், போகும். சில சமயம் வெடி வைத்ததுபோல் டப்பென்று அடிக்கும்.

“அண்ணே, பெட்டி ரோசாக் ஆயிடுச்சு போல. கடைக்குக் கொண்டு போவோம் லா. நானே வண்டியில ஏத்திட்டு வர்றேன்” என்றேன்.

“வேணாம் தம்பி. உங்களுக்கு எதுக்குச் சிரமம். நானே பாத்துக்கிறேன்.”

அடுத்த வாரமும் அதே பதில், அதற்கடுத்த வாரமும் அதே பதில். கண் தெரியாதவர் எப்படிப் பார்த்துக்கொள்வார்? எனக்கு எரிச்சல் வந்தது. வயதானதால் வந்த பிடிவாதம் என்று நினைத்தேன், பிறரிடமும் அப்படியே சொன்னேன்.

பிறகு ஜாசினில் ஒரு கல்யாண விருந்து. மணமக்கள் மேடைக்கு வந்து நிற்கிறார்கள், மாப்பிள்ளையின் தாய்மாமன் வாழ்த்திப் பேச ஒலிவாங்கியைப் பிடிக்கிறார், பெட்டி டப்பென்று வெடித்தது. மணப்பெண் திடுக்கிட்டு மாலையைப் பிடித்துக்கொண்டாள். கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. அந்த மாமன் பேச்சை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்து, “என்ன தம்பி, கல்யாணத்துக்கு வந்தீங்களா, பட்டாசு கொளுத்த வந்தீங்களா?” என்று கேட்டார். டேவான் மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மீதி நிகழ்ச்சிக்கு அண்ணனை நிறுத்தி வைத்துவிட்டு, பேஸ் பகுதியை நான் இடது கையால் கீபோர்டிலேயே வாசித்தேன்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் பயிற்சிக்கு வந்தபோது அண்ணன் தம் கித்தாரை உறையிலிருந்து எடுக்கவில்லை. என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தம்பி, பெட்டிய ரிப்பேர் பண்ணலாமா, வித்துடலாமா? நீங்க சொல்லுங்க. ரிப்பேர்னு சொன்னா எப்படியாச்சும் பண்ணிடுறேன்.”

நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கீபோர்டு வயரைச் சுற்றிக்கொண்டே, “வித்துடுங்கண்ணே. பழைய சாமான். பேஸை நான் இதுலயே பாத்துக்கிறேன்” என்றேன்.

“சரி தம்பி” என்றார்.

பெட்டியைப் பற்றிக் கேட்டார், பெட்டியைப் பற்றிச் சொன்னேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். குழுவில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்பதை ஒரு மனிதர் அதைவிட மரியாதையாக எப்படிக் கேட்பார்? அதைப் புரிந்துகொள்ளும் புத்தி எனக்கு இல்லை. விற்பனை விளம்பரத்தையும் நானே முகநூலில் போட்டேன். “கொஞ்சம் ரோசாக்” என்று நேர்மையாக எழுதினேன் என்பதில் பெருமை வேறு. உம்பாயிலிருந்து அஸ்மான் என்பவர் வந்து, அண்ணன் வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துப் போனார். அன்று நான் போகவில்லை.

அதன் பிறகும் நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் அண்ணன் வந்தார். வயர் இல்லாத கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு, எங்களோடு சேர்ந்து சத்தமில்லாமல் விரலை ஓட்டினார். பிறகு வரவில்லை. நிகழ்ச்சிகளில் யாராவது திரும்பிப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். “என்னமோ குறையுதே” என்று இரண்டு மூன்று பேர் என்னிடமே கேட்டார்கள். மண்டபத்தின் எதிரொலி என்று சொல்லிச் சமாளித்தேன். அண்ணனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். ரெம்பியா என்ன கடலுக்கு அப்பாலா இருக்கிறது?

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தேன். கித்தாரைக் காட்டி, “இத நீயே எடுத்துக்கப்பா” என்றார். வாங்கிக்கொண்டே, “பெட்டியையும் அப்பவே சரி பண்ணியிருக்கலாம் அண்ணி. நான் எவ்வளவு கூப்பிட்டேன், அண்ணன்தான் கேக்கல” என்றேன். என்ன துணிச்சல் பாருங்கள், செத்தவர்மேல் பழி போட்டேன்.

அண்ணி என் பக்கம் திரும்பினார்.

“உன்னைக் கூட்டிக்கிட்டு எப்படிப்பா போவாரு? கடைக்காரன் உன் முன்னாடி தொறந்தா உள்ள சந்தனம்ல இருக்கும்.”

எனக்கு விளங்கவில்லை. அண்ணி விளக்கிச் சொன்னார். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் மறுநாள், வீட்டில் செய்தித்தாளை விரித்து, பெட்டியின் ஆணிகளைக் கழற்றி, துளைக்குள் போன சந்தனத்தையும் குங்குமத்தையும் பஞ்சால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தெடுப்பாராம். அரைநாள் வேலையாம். கண் போன வருடம் அவரால் முடியவில்லை. அண்ணி செய்கிறேன் என்றதற்கு, கரண்டு சாமான், தொடாதே என்று தடுத்துவிட்டாராம்.

“பாலாகிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னன்னு கேட்டேன். ‘அவன் சாமிய நெனச்சு வைக்கிறான். அதுனாலதான் கெட்டுச்சுன்னு சொன்னா, அடுத்த வருசம் சந்தனத்த எடுக்கையில அவன் கை கூசும் சரசு’ன்னுட்டாரு.”

என்னை எப்போதும் நீங்கள், வாங்க, போங்க என்றே பேசியவர், அண்ணியிடம் என்னை “அவன்” என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோதுதான் அழுதேன்.

நேற்று உம்பாய்க்குப் போனேன். பெட்டியைத் திரும்ப வாங்கி, பதினாறாம் நாள் படையலில் அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று ஆசை. அஸ்மான் கடலோரத்தில் மீன் சுட்டு விற்கும் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு அங்கேயே பாடி வாசிக்கிறார். கடையின் ஓரத்தில் பெட்டி நின்றது. சுத்தமாக இருந்தது. திறந்தபோது உள்ளே ஏதோ மஞ்சள் பெடாக் பவுடர் அப்பியிருந்ததாகவும், துடைத்ததுமே சரியாகிவிட்டதாகவும் மலாயில் சொன்னார். எனக்காக வயரைச் செருகி இரண்டு மூன்று சுரம் வாசித்தும் காட்டினார். கரகரப்பே இல்லை. ஒரு துணியும் ஒரு மணி நேரமும் போதுமாக இருந்திருக்கிறது.

மேலே மரமூலையில் நான் வைத்த பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, காய்ந்து, தடித்துப் போன பொட்டு. இதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

“பாக்சிக் பெசான்” என்றார் அஸ்மான். பெரியவர் சொல்லி அனுப்பினாராம். பெட்டியை வண்டியில் ஏற்றும்போது கையால் தடவி அந்த இடத்தைக் கண்டுபிடித்து, “மற்றதையெல்லாம் துடைத்துக்கொள். இந்தச் சிவப்பை மட்டும் துடைக்காதே, இது என் தம்பி வைத்தது” என்று கேட்டுக்கொண்டாராம்.

திரும்பத் தருகிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கும் தகுதியும் இல்லை. அங்கே அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மீனுக்குச் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அண்ணே, உங்கள் கித்தார் இப்போது என் வீட்டில் இருக்கிறது. இந்த ஆயுத பூசைக்கு அதற்கும் பொட்டு வைப்பேன், மரத்தில் மட்டும். நீங்கள் பயந்தபடியே என் கை கூசத்தான் செய்யும். கூசட்டும். நிம்மதியாகப் போய் வாருங்கள். அன்றைக்கு என் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டீர்களே, அதற்கு நான் சொன்னது தப்பு. இப்போது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

ரிப்பேர் பண்ணலாம்ணே. தொறக்கச் சொல்லுங்க. உள்ள என்ன இருக்குன்னு நானும் பக்கத்துல நின்னு பாக்குறேன்.