சாட்சி சொல்லாத கப்டன்

2009ஆம் ஆண்டு முழுக்க நான் இரண்டு பேரை வெறுத்தேன். ஒருவர் என் அக்காவின் கணவர். மற்றவன் இருநூறு வருடங்களுக்கு முந்திய ஒரு ஸ்பானியக் கப்டன். கப்டனை வெறுத்ததற்கு மாலை வகுப்பில் எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

அப்போது கிங்ஸ்பரியில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் எனக்குக் காலை ஷிப்ட். லண்டனுக்கு வருமுன் ஆறு வருடம் மட்ரிட்டில் கோப்பை கழுவியிருந்தேன். கை தேய்ந்ததில் மிஞ்சியது ஸ்பானிய மொழி ஒன்றுதான். அதை வீணாக்க மனமில்லாமல் ஒரு வரலாற்று வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு முடிய ஒரு நீண்ட கட்டுரை கொடுக்க வேண்டும். ஆசிரியை தந்த பழைய தாள்களின் பிரதிகளில் ஒரு படை அதிகாரியின் சேவைப் பதிவு இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

அந்த மனிதர் பதினான்கு வயதில் படையில் சேர்ந்தவர். ஸ்பெயின் நெப்போலியனோடு கூட்டாக இருந்த காலத்தில் அவரை டென்மார்க்குக்குக் காவலுக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே குளிரில் நிற்க, இங்கே நெப்போலியன் தன் அண்ணனை ஸ்பெயினுக்கு ராஜாவாக்கிவிட்டான். அதிகாரி ஆங்கிலேயக் கப்பலில் தப்பி வந்து, நேற்றுவரை கூட்டாளிகளாக இருந்த பிரெஞ்சுக்காரரோடு சண்டை பிடித்தார். ஒரு முற்றுகையில் தொடையில் குண்டுபட்டுப் பிடிபட்டார். சிறையா, புது ராஜாவின் படையா என்று கேட்டார்கள். சத்தியம் செய்து புது ராஜாவின் சீருடையைப் போட்டுக்கொண்டார். எட்டு மாதத்தில் ஓடிப்போய்த் திரும்பவும் பழைய படையில் சேர்ந்தார். போர் முடிந்ததும் அவர் துரோகியா இல்லையா என்று விசாரணை வைத்தார்கள். அவர் காயத்தோடு விழுந்து கிடந்து பிடிபட்டதை நேரில் கண்டவன் ஒரு கப்டன் மட்டுமே. ஏதோ பழைய மனக்கசப்பில் அவன் சாட்சி சொல்ல மறுத்துவிட்டான். அதிகாரியின் பதவி போயிற்று. கப்டனைக் கட்டுரையில் நான் கிழித்துத் தொங்கவிட்டேன்.

எனக்கு ஒற்றை விரல் தட்டச்சு. அக்கா ஊரில் ஒரு கந்தோரில் ஆங்கில டைப்பிஸ்டாக இருந்தவள். அவளும் அத்தானும் முந்திய வருடம்தான் வந்து, மனோர் பார்க்கில் ஒரு அறையில் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் அவள் வந்து எனக்கு அடித்துத் தருவாள். அத்தான் அவளைக் கூட்டி வந்துவிட்டு, முடியும்வரை வெளியே பஸ் தரிப்பிடத்தில் நிற்பார். என் வீட்டு வாசல்படியை அவர் மிதிக்கக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். மழை பெய்த சனிக்கிழமைகளில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில் ஊரில் இராணுவம் நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் என்னைப் பிடித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். விசாரித்த அதிகாரியின் பக்கத்தில் மொழிபெயர்த்துக்கொண்டு இருந்தவர் அத்தான். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. என் பதில்களைச் சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொன்னார். என்னைத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மூன்று மாதம் அடி வாங்கினேன். மேசைக்குக் கீழே அவருடைய கால்களையும் அன்று கண்டேன். செருப்பில்லை. பாதங்கள் ஊதிப்போயிருந்தன. ஒரு கணுக்காலில் சங்கிலி. அவருடைய வாயைப் பற்றி ஊர் முழுக்கச் சொன்னேன். காலைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை, அக்காவைத் தவிர. அதையும் ஒரு கோபத்தில் வாய் தவறித்தான் சொன்னேன்.

இப்போது அவர்களுடைய அகதி வழக்கு கோர்ட்டில் இருந்தது. அத்தான் இராணுவத்துக்கு விரும்பி வேலை செய்தவர், அவருக்கு அங்கே என்ன ஆபத்து என்று அரசு தரப்பு கேட்டது. தோற்றால் இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சங்கிலியைக் கண்ட ஆள் நான் ஒருவன்தான். சாட்சி சொல்ல வரச் சொல்லி அக்கா இரண்டு முறை கேட்டாள். பார்ப்போம் என்றேன். அந்த மாதங்களில் ஊரில் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் ஆட்கள் எல்லாரும் லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றார்கள். நானும் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்தேன். துரோகி என்ற சொல் வாயில் சூயிங்கம் மாதிரிக் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். நான் சொல்லச் சொல்ல அக்கா அடித்தாள். கண்டதைச் சொல்லாதவனும் அநியாயத்துக்குக் கூட்டாளி என்ற வரியில் அவளுடைய கை நின்றது.

“இதை நான் அடிக்கமாட்டன்,” என்றாள்.

“ஏன், பிழையே?”

“பிழை இல்லை. சரியான வரி. ஆரெண்டே தெரியாத வெள்ளைக்காரனுக்கு இருபது பக்கம் எழுதிப்போட்டாய். வெளியில நிக்கிற மனுசனுக்கு ஒரு பக்கம் எழுத ஏலாதோ?”

“அவர் என்னைக் காட்டிக் குடுத்தவர், அக்கா.”

“என்னத்தைக் காட்டினவர்? உன்னைத் தெரியும் எண்டு சொல்லியிருந்தால் உன்ரை காலிலையும் சங்கிலி விழுந்திருக்கும். அது உனக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கோவிக்கிறாய்.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை அடித்துச் சாத்தினேன். அவள் சொன்னது உண்மை என்பதுதான் பொறுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அவளுக்குப் பயந்தே அவர்களுடைய லோயருக்கு டெலிபோன் எடுத்தேன். மன்னித்துவிட்டுப் போனேன் என்று சொன்னால் அது பொய்.

கோர்ட்டில் நான் கண்டதைச் சொன்னேன். அரசு தரப்புப் பெண் எழுந்து, இத்தனை வருடமும் ஏன் வாய் திறக்கவில்லை, இப்போது குடும்பத்துக்காக வந்து பொய் சொல்கிறீர்களா என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“எனக்கு இவரைப் பிடிக்காது,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “இன்றைக்கும் பிடிக்காது. திருப்பி அனுப்பினால் நல்லது என்றுகூட நினைத்திருக்கிறேன். ஆனால் காலில் சங்கிலி இருந்தது.”

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அத்தான் தலை குனிந்தபடி இருந்தார்.

சில வாரத்தில் தீர்ப்பு வந்தது. அவர்கள் இருக்கலாம். லோயரின் அறையில் நாங்கள் மூன்று பேரும் இருக்க, அவர் அதை வாசித்து விளங்கப்படுத்தினார். மனுதாரர்மீது இவ்வளவு வெறுப்புள்ள சாட்சிக்கு அவருக்காகப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை, ஆகவே சாட்சியத்தை நம்புகிறேன் என்று நீதிபதி எழுதியிருந்தார்.

அத்தான் என் பக்கம் திரும்பி, “பெரிய உபகாரம், தம்பி,” என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ அன்பாய்ச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டினம்,” என்றாள். “நல்ல காலம், உன்னட்டை அது இல்லை.”