சாக்கு மூடிய ஓலைப்பெட்டி

கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு மாற்றலாகி வர இருக்கும் நண்பர்கள், இங்கே மீன் வாங்குவது எப்படி என்று எழுதும்படி கேட்டிருக்கிறார்கள். நான் ஒரே ஒருமுறை வாங்கப் போயிருக்கிறேன். வாங்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

போனதற்குக் காரணம் பசி. என்னுடையதல்ல. உலக யுத்தம் ஓயாத இந்தக் கார்த்திகையில் எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாய்க்குப் பால் போதவில்லை. பையன் மெல்ல மெல்ல அழுகையையும் குறைத்துக்கொண்டான். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. பால் டின் கேட்டால் கடைக்காரர்கள் இல்லை என்று சொல்லிவிட்டு, என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள். இல்லாத சரக்குக்கு இத்தனை காவல்.

"பால்சுறா வாங்கி அவிச்சுக் குடுங்க, பால் ஊறிரும்" என்றார் வீட்டுக்கார அம்மாள் அன்னம்மா. அது ஒரு சிறிய சுறா. பிள்ளை பெற்றவளுக்கு இந்தக் கரையில் அதுதான் மருந்து.

கொழும்புப் பழக்கத்தில் காலை ஆறு மணிக்கே மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே கிடந்தவை முந்தின நாள் மீன்கள். "பால்சுறாவா? வள்ளம் மத்தியானம் காத்துலதான் கரை புடிக்கும். ரெண்டு மணிக்குக் கடக்கரைக்குப் போங்க" என்றார் ஒரு வியாபாரி. தன் சரக்கை வாங்காதே என்று சொல்லும் வியாபாரியை நான் எந்த ஊரிலும் நம்பியதில்லை. வேறு வழியின்றிப் போனேன்.

வீட்டிலிருந்து கடற்கரை அரை மைல். குதிரை வண்டிக்கு இரண்டணா. வண்டிக்காரர் என் தொப்பியைப் பார்த்து, "குத்தகைக்காரர் ஆளா?" என்றார். கரையில் ஏலம் போகிற மீனிலெல்லாம் குத்தகைக்காரருக்குப் பங்கு உண்டு. இல்லை என்றேன். "அப்பச் சரி" என்றார், நம்பாமல்.

மணலில் சீலா மீனும் பாறை மீனும் குவியல் குவியலாக ஏலம் போயின. ஒரு வள்ளத்திலிருந்து மட்டும் மூன்று சிறு சுறாக்கள் தனியே இறங்கி ஓலைப்பெட்டிக்குள் போயின. ஏலம் கூறுகிறவர் அந்த நேரம் பார்த்து வானத்தை ஆராய்ந்தார். ஒரு பெண் பெட்டியின்மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடினாள்.

"சுறா என்ன விலை?" என்றேன்.

"எந்தச் சுறா?"

"சாக்குக்கு அடியில் இருக்கிறதே."

"அது விக்கதுக்கில்ல ஐயா."

"ஒரு ரூபாய் தருகிறேன்."

"பத்து ரூவா தந்தாலும் விக்கதுக்கில்ல."

"ஏளா சூசம்மா, என்னத்துக்குப் பேச்சுக் குடுக்க? தொப்பிக்காரரு" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

டின் பாலின் கதைதான் இது என்று எனக்கு விளங்கிவிட்டது. எங்கேயோ ஓர் இடத்தில் காசு கைமாறும். அங்கே நானும் கை நீட்டலாம். சூசம்மா பெட்டியைத் தலையில் வைத்துப் புறப்பட்டாள். இருபது அடி விட்டுப் பின்தொடர்ந்தேன்.

அவள் கோயிலைச் சுற்றினாள். உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கியைச் சுற்றினாள். ஒரே கிணற்றை இரண்டு முறை கடந்தோம். இரண்டு வீடுகளில் கதவு பாதி திறந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சுறா உள்ளே போனது. காசு வெளியே வரவில்லை. மாதக் கணக்கு போலும். கள்ளச்சந்தை இத்தனை ஒழுங்காக நடப்பதைக் கண்டு கொஞ்சம் மரியாதைகூட ஏற்பட்டது.

மூன்றாவது வீட்டு வாசலில் நின்று, சட்டென்று திரும்பினாள்.

"கடக்கரையிலயிருந்து பின்னாலயே வாரியளே, என்னய்யா வேணும் ஒங்களுக்கு? பிள்ள பெத்த வீட்டுலயுமா சோதனை?"

"இது என் வீடு" என்றேன்.

அவள் நம்பவில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த அன்னம்மாதான் சாட்சி சொன்னார்: "சிலோன்காரருதான். பிள்ளைக்குத் தகப்பன்."

"மாதாவே! ஒங்கள ஏய்க்கணும்னு ஊரெல்லாம் சுத்தி எனக்குக் கழுத்தே ஒடிஞ்சு போச்சு. இதக் கரையிலயே சொல்லப்படாதா?"

வலையில் பால்சுறா விழுந்தால் இவர்கள் அதை ஏலத்துக்கு விடுவதில்லையாம். பச்சைப்பிள்ளை உள்ள வீடுகளுக்கு எடுத்துப் போவார்களாம். பையன் பிறந்த அன்றே அன்னம்மா கரையில் சொல்லி வைத்திருக்கிறார். இத்தனை நாளும் விழாத சுறா நான் போன அன்றுதான் விழுந்தது. ரூபாயை நீட்டினேன். "இதுக்குக் காசு வாங்குனா அடுத்து வலையில விழாது. வைங்க உள்ள" என்றாள் சூசம்மா. காசு கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கப் பழகியிருக்கிறேன். இவளை என்ன செய்வது?

வரப்போகிறவர்களுக்கு: கடற்கரைக்கு இரண்டு மணிக்குப் போங்கள். தொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வீட்டில் பச்சைப்பிள்ளை இருந்தால் போகவே வேண்டாம். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

அன்னம்மா சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் போட்டுக் கொடுத்தார். பால் ஊறியது மீனாலா, ஊறும் நாள் வந்ததாலா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. மூன்றாம் நாள் காலையில் பையன் தெருவுக்கே கேட்கும்படி அழுதான். தூக்கக்கூடத் தோன்றாமல் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.