கத்தாத மாடு

போன வாரம் ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாடம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் செல்வி அக்கா வீடு. ஒரே ஒரு ஜெர்சி மாடு, பெயர் கௌரி. பால் வாங்கப் போன இடத்தில், "கௌரி இப்பல்லாம் கத்துறதே இல்லையே... நல்லா பழக்கிட்டீங்க அக்கா" என்றேன். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை அது போடுகிற சத்தத்தில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பே அலறும்!

அக்கா முகம் வாடிவிட்டது.

"அது கத்தினாதான சார் எனக்குப் பொழப்பு? பருவத்துக்கு வந்தா கத்தும். டாக்டரை இட்டாந்து சினை ஊசி போடுவோம். இந்த வெயில்ல பருவம் வந்ததும் தெரியல, போனதும் தெரியல. எப்படியோ கண்டுபுடிச்சுப் போட்ட ஊசியும் நிக்கல. பாலும் பாதியாயிடுச்சு. வித்துடலாம்னு எங்க வூட்டுக்காரர் ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"யாரு வாங்குவாங்க?"

"புரோக்கருதான். எங்க இட்டுகினு போவான்னு மட்டும் கேக்காதீங்க சார்."

கேட்கவில்லை. தெரியாதா என்ன?

மாட்டிடம் குறையே இல்லை என்றாராம் டாக்டர். குறையெல்லாம் தலைக்கு மேல் கொதிக்கிற தகர ஷீட்டில். அதன்மேல் சாக்கைப் போட்டு நனைத்து வையுங்கள், ஒரு ஃபேன் போடுங்கள், உடம்புச் சூடு தணிந்தால் சினை பிடிக்க வாய்ப்பிருக்கிறது என்றாராம். சாக்கு இருக்கிறது. தண்ணீர்? குடிப்பதற்கே லாரியை எதிர்பார்க்கிற தெரு இது.

எனக்குச் சட்டென்று தோன்றியது. எங்கள் ஃபிளாட்டில் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷின். அது கழிக்கிற தண்ணீர் பக்கெட் பக்கெட்டாகச் சாக்கடைக்குத்தானே போகிறது? அசோசியேஷன் செக்ரட்டரியிடம் ஓடினேன். தங்கமான மனிதர்.

"சூப்பர் ஐடியா சார்! சண்டே மீட்டிங்ல வெச்சுடலாம். புரொசீஜர்னு ஒண்ணு இருக்குல்ல?"

இருக்கத்தானே வேண்டும்... நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர்கூட மறுக்கவில்லை. தூக்கம் கெடுகிறது என்று குரூப்பில் புலம்பிய முதல் மாடி அம்மாவே, "பாவம், வாயில்லா ஜீவன்" என்று தன் பழைய டேபிள் ஃபேனைக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபேனைத் தூக்கிக்கொண்டு அப்படியே பின்தெருவுக்குப் போனேன்.

கொட்டகை காலி. அக்கா சாணியை வழித்துக்கொண்டிருந்தார்.

"நேத்தே வண்டில ஏத்திட்டாரு சார். ஏற மாட்டேன்னு என்னையே பாத்துகினு நின்னுச்சு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நாள் முன்னாடி வந்திருந்தீங்கன்னா, இதைக் காட்டியாவது அவர் வாயை அடைச்சிருப்பேனே."

ஃபேனைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். வருத்தமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

எங்கள் ஃபிளாட்டில் இரக்கத்துக்கு ஒன்றும் குறைவில்லை – அதற்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம் கிடைக்கிறது!