ராகு காலத்தில் வந்த கண்ணாடி

இந்த ஊரில் பார்சலை யாரும் கையில் கொடுப்பதில்லை. டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரத்தில், நான் குடியிருக்கும் தெருமுனை மளிகைக்கடைக்கு வெளியே ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது. உடம்பெல்லாம் சின்னச் சின்னக் கதவுகள். பாக்கெபோக்ஸ் என்பார்கள். போனை அமுக்கினால் நம் பார்சல் இருக்கும் கதவு மட்டும் தானாகத் திறக்கும். எடுத்துக்கொண்டு, சாத்திவிட்டு வரவேண்டியதுதான். கொண்டுவந்தவன் கறுப்பா சிவப்பா தெரியாது. ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஆளில்லை. வந்த புதிதில், இது என்ன கண்றாவி என்று திட்டியிருக்கிறேன். இப்போது, இந்தப் பெட்டி காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கக் கூடாதா என்று வயிறு எரிகிறது.

என் தம்பி கதிருக்குக் காது கேட்காது. பிறவியில் வந்ததல்ல. கல்யாணமான புதிதில் மூளைக்காய்ச்சல் கண்டு, உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது. பட்டுச் சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். அந்த வேலைக்குக் கண்ணும் கையும் போதும். காது மெஷின் வைத்துப் பார்த்தும் பயனில்லை. மனைவி செல்வியின் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வான். எல்லாம் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது, மகள் யாழினி பேச ஆரம்பிக்கும்வரை. மழலையின் உதட்டை யாரால் படிக்க முடியும்? பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் ஆப் போனில் இருக்கிறது. ஆனால் எழுத்தைப் பார்த்தால் குழந்தையின் முகம் போச்சு, முகத்தைப் பார்த்தால் எழுத்து போச்சு. வீடியோ காலில் அவன் பேசுவான், நான் டைப் அடிப்பேன். ஒருநாள் சொன்னான்: “என்னமோ சொல்லிக்கினே இருக்குறா அக்கா. நானும் புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிக்கினே இருக்குறேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அன்றிரவே நெட்டில் தேட உட்கார்ந்தேன்.

அதற்கு ஒரு வழி இருந்தது. எதிரில் இருப்பவர் பேசுவதைக் கண்ணாடியிலேயே எழுத்தாகக் காட்டும் மூக்குக்கண்ணாடி வந்திருக்கிறது. தமிழும் தெரியுமாம். முகத்தையும் பார்க்கலாம், பேச்சையும் படிக்கலாம். செய்கிறவர்கள் அமெரிக்காவுக்குள் மட்டும்தான் விற்கிறார்கள். இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன: அமெரிக்காவில் நம் பேருக்கு ஒரு முகவரி கொடுப்பார்கள், கடைக்காரன் அங்கே அனுப்புவான், இவர்கள் வாங்கி நாம் சொல்லும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி எனக்கும், காலே வைக்காத ஒரு நாட்டில் வீட்டு எண்ணோடு ஒரு முகவரி கிடைத்தது. இருபது வருஷம் நடந்த காஞ்சிபுரம் தெருவில் என் பேரில் ஒரு கடிதம்கூட இப்போது வருவதில்லை.

நல்ல நேரம் பார்த்துத்தான் ஆர்டர் போட்டேன். சிரிக்காதீர்கள். ராகு காலத்தைச் சூரிய உதயத்திலிருந்து கணக்கிட வேண்டும். டிசம்பரில் இந்த ஊர்ச் சூரியன் எழுவதும் தெரியாது, விழுவதும் தெரியாது. எந்த ஊர் ராகு காலத்தை எடுப்பது? அமெரிக்காவுடையதா, டென்மார்க்குடையதா, காஞ்சிபுரத்துடையதா? குழம்பிப்போய், கடைசியில் காஞ்சிபுரத்துக் கணக்கையே வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினேன்.

அதன்பிறகு போனும் கையுமாகத் திரிந்தேன். கண்ணாடி கிளம்பியது, விமானம் ஏறியது, சென்னை சுங்கத்தில் படுத்துக்கொண்டது. அது வேண்டும் இது வேண்டும் என்றார்கள். கதிர் எல்லாவற்றையும் அனுப்பினான், விட்டார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஆபீசில் இருந்தபோது மெசேஜ் வந்தது. வீடு சேர்ந்துவிட்டது என்று நினைத்துத் திறந்தேன். ‘பெறுபவர் வாங்க மறுத்தார்’ என்றிருந்தது.

உடனே செல்வியைக் கூப்பிட்டேன்.

“மறுக்கவே இல்ல அண்ணி! மூணரைக்கு வந்தாரு. செவ்வாக்கிழம, ராகு காலம். நாலரைக்கு மேல வாங்கண்ணா, இல்லாட்டி இப்படி உக்காருங்க, மோர் தரேன்னுதான் சொன்னேன். போன்ல என்னமோ அமுக்கினாரு, போயிட்டாரு. சாயங்காலம் வருவாருன்னு நானும் வாசலையே பாத்துக்கினு இருக்குறேன்.”

“இவரு காது விஷயமாச்சே அண்ணி. கெட்ட நேரத்துல எப்படி உள்ள வாங்குவேன்?” என்றாள் அடுத்து. அழுகிறாள் என்று தெரிந்தது.

அவளை எப்படித் திட்டுவேன்? எம்.காம். படித்தவள், வீட்டுக் கணக்கிலிருந்து வங்கி வேலைவரை போனிலேயே முடிப்பவள். ஆனால் எங்கள் தெருவில் இதுதான் நடைமுறை. தறிக்குப் புதுப் பாவு நூல் சுற்றிக் கொண்டுவருகிற ஆள் ராகு காலத்தில் வந்துவிட்டால், தானாகவே வாசலோடு நின்றுவிடுவார். பாவைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தண்ணீர் குடித்து, அப்பாவோடு ஊர்க்கதை பேசுவார். நேரம் கழிந்ததும் பாவு உள்ளே வரும். வெளியே நிற்கிற பொருளும் எங்களுடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. காத்திருக்கச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தமாகும் என்பது செல்விக்கு மட்டுமல்ல, எனக்கே தோன்றியிருக்காது. கூரியர்காரரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. வேறு ஊர்க்காரர் போல. வண்டி நிறையச் சுமையோடு வந்தவர், மோர் குடித்துக்கொண்டு உட்கார முடியுமா?

மறுநாள் காலை இரண்டு பேரும் கூரியர் ஆபீசுக்கு ஓடினார்கள். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைத் திருப்பியே காட்டிவிட்டார்: “மெட்ராஸுக்கு ராத்திரியே போயிடுச்சும்மா. சிஸ்டத்துல ரிட்டர்ன் போட்டா எங்களால ஒண்ணியும் பண்ண முடியாது.” கதிர் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றானாம். வெளியே வந்து, “என்னா சொன்னாரு?” என்று கேட்டானாம்.

ஆபீசில் எனக்கு எதிர் மேஜை கிர்ஸ்டன். நல்ல பெண். என் கண் சிவந்திருப்பதைப் பார்த்துக் கேட்டாள். சொன்னேன்.

“அப்படியென்றால் அவர்களுக்கு அது வேண்டாமா?”

“வேண்டும். ரொம்ப வேண்டும்.”

“பிறகு ஏன் வாங்கவில்லை?”

“ரொம்ப வேண்டும் என்பதால்தான்.”

அவள், விருப்பமில்லாததை மறுக்கிற உரிமை எல்லோருக்கும் உண்டு, நான் மனம் வருந்தக் கூடாது என்று ஆறுதல் சொன்னாள். தலையை ஆட்டினேன். கதிர் மாதிரியே ஆட்டினேன் என்று பிற்பாடுதான் உறைத்தது.

முகவரி கொடுத்த கம்பெனிக்கு எத்தனையோ முறை எழுதினேன். மன்றாடினேன் என்றே சொல்லலாம். ஒவ்வொரு முறையும் அதே இனிப்பான பதில். ஒருமுறை மறுக்கப்பட்டதை எந்த நாட்டுக்கும் அவர்கள் மறுபடி அனுப்புவதில்லை. திரும்பி வந்ததும் நானே நேரில் வந்து எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ‘கைவிடுகிறேன்’ என்ற பொத்தானை அமுக்கலாம். நேரில் போக எனக்கு விசா யார் தருவார்? இன்னொன்று வாங்கலாம் என்றால், அந்த மாடலை நிறுத்திவிட்டார்களாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எங்களுக்கு வாசல்வரை வந்ததே எட்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கதிர் வீடியோவில் வந்தான். செல்வி உள்ளே சமையலில் இருந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் யாழினி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து என் போனில் ஒரு மெசேஜ் இறங்கியது: ‘வாழ்த்துகள்! உங்கள் பொருள் உங்கள் முகவரிக்கு வந்து சேர்ந்துவிட்டது.’ அமெரிக்க முகவரியைச் சொல்கிறார்கள். அதைத் தள்ளிவிட்டேன்.

“அப்பா, இங்க பாரு! அப்பா, நான் கல்யாணப் பொண்ணு! இங்க பாரேன்!”

அத்தனை தெளிவாக எனக்குக் கேட்டது. அவசர அவசரமாக டைப் அடித்தேன்: ‘யாழினி கூப்பிடுகிறாள். இங்க பாரு என்கிறாள். கல்யாணப் பொண்ணாம்.’

கதிர் குனிந்து போனைப் படித்தான். முகம் மலர்ந்தது. மறுபடி ஒருமுறை படித்தான். அவன் திரும்பும்போது துண்டு மட்டும் தரையில் கிடந்தது. குழந்தை உள்ளே ஓடிவிட்டாள்.